கத்தோலிக்கப் பேச்சு மன்றம்: எப்படித் தோன்றியது, எப்படி நடத்துவது?

கேள்வி இது: "தருமபுரி மறைமாவட்டத்தில் எங்கள் பங்கு ஆலய இளையோர் 12 பேர் சேர்ந்து பேச்சு மன்றம் தொடங்குகிறோம். கத்தோலிக்கர்களுக்கென்று இப்படி மன்றங்கள் முன்பு இருந்தனவா? எப்படி நடத்தினார்கள்? டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் போதாதா?"

இருந்தன. அவற்றுள் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, லண்டனில் 1918-இல் தொடங்கிய கத்தோலிக்க எவிடன்ஸ் கில்டு, அதாவது பொது இடத்தில் நின்று திருச்சபையின் போதனையை விளக்கிப் பேசுவோர் சங்கம். மேடைப் பேச்சுப் பயிற்சி தரும் அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸ் அதைவிட ஆறு ஆண்டு இளையது. இரண்டும் பேசக் கற்றுத் தந்தவைதான். ஆனால் டோஸ்ட்மாஸ்டர்ஸில் பேசி முடித்ததும் கைதட்டு விழும். கில்டில் பேசி முடித்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும், ஏனென்றால் எதிரே நிற்பவர்கள் கேள்வி கேட்பார்கள். கேள்விக்கு நிற்க முடியாதவருக்கு அங்கே மேடை கிடையாது. உங்கள் மன்றம் பேச்சுப் போட்டிக்கு ஆள் தயாரிக்கும் இடமாகச் சுருங்கிவிடாமல் இருக்க வேண்டுமானால், கில்டு வழிதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

கில்டுக்கு முன்பே ஒரு முன்னோடி உண்டு. உங்கள் பங்கிலும் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கலாம். அதன் கிளையை ஆங்கிலத்தில் 'கான்பரன்ஸ்' என்கிறார்களே, ஏன் என்று யோசித்ததுண்டா? பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவர், எமானுவேல் பாய்யி என்ற பத்திரிகையாளரின் ஆதரவில் நடந்த ஒரு விவாத மன்றத்தில் இருந்தார். வரலாறு, மெய்யியல் என்று எல்லாவற்றையும் பேசினார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் வந்து எதிர்த்துப் பேசலாம். அப்படி எதிர்த்த ஒருவர், திருச்சபை அந்தக் காலத்தில் செய்ததைப் பேசுகிறீர்கள், இன்று நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அதற்கு வாயால் பதில் சொல்ல முடியவில்லை. 1833 ஏப்ரல் 23 அன்று ஆறு மாணவர்களும் பாய்யியும் கூடி ஏழைகளை வீடு தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள். அன்று ஓசானாமுக்கு வயது 20. விவாத மன்றத்தின் பெயரே அறப்பணிக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு குறுக்குக் கேள்வியை நேர்மையாக வாங்கிக்கொண்டதால் விளைந்தது இது.

அமெரிக்காவில் 1917-இல் பாஸ்டன் நகரத்தில் டேவிட் கோல்ட்ஸ்டீன் என்பவரும் மார்த்தா மூர் ஏவரி அம்மையாரும் கத்தோலிக்க ட்ரூத் கில்டைத் தொடங்கினார்கள். கோல்ட்ஸ்டீன் யூதக் குடும்பத்தில் பிறந்து, சுருட்டுச் சுற்றும் தொழிலாளியாக இருந்து, சோசலிச மேடைகளில் பேசிப் பழகிய பிறகு கத்தோலிக்கரானவர். ஏவரியும் அதே சோசலிச இயக்கத்திலிருந்து வந்தவர். திருத்தந்தையின் கொடி நிறங்களான மஞ்சளும் வெள்ளையும் பூசிய மோட்டார் வண்டியையே மேடையாக்கி ஊர் ஊராகப் போனார்கள். தெருவில் நின்று பேசும் கலையை அவர்கள் கற்றது கோயிலில் அல்ல, சோசலிசக் கூட்டங்களில்.

இனி லண்டன். ஹைடு பார்க்கின் வடகிழக்கு மூலையில் யார் வேண்டுமானாலும் பெட்டி போட்டு ஏறி நின்று பேசலாம். 1872-இல் வந்த பூங்காச் சட்டத்துக்குப் பிறகு நிலைத்த வழக்கம் அது. அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் டைபர்ன் தூக்குமேடை இருந்தது. 1581-இல் எட்மண்ட் கேம்பியன் உட்படப் பல கத்தோலிக்க மறைசாட்சிகள் அங்கே உயிர்விட்டார்கள். 1918-இல் நியூசிலாந்துக்காரரான வெர்னன் ரெட்வுட், திருச்சபையைத் தாக்கிப் பலர் பேசும் அந்தப் பூங்காவில் பதில் சொல்லக் கத்தோலிக்கர் எவரும் இல்லையே என்று வருந்தி, கர்தினால் போர்னின் ஒப்புதலோடு கில்டைத் தொடங்கினார். பேசியவர்கள் பெரும்பாலும் குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினர்: குமாஸ்தா, கடைக்காரர், ஆசிரியை, தொழிலாளி. பெண்களும் ஏறிப் பேசினார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணம் இல்லை.

கில்டுக்கு உருவம் தந்த இருவர் மேய்சி வார்டும் பிராங்க் ஷீடும். ஷீடு 1897-இல் சிட்னியில் பிறந்தவர், சட்டம் படித்தவர். இருவரும் கில்டு வேலையில்தான் சந்தித்தார்கள். 1926-இல் திருமணம், அதே ஆண்டு ஷீடு அண்டு வார்டு பதிப்பகம். அதற்கு முன்பே, 1925-இல், இருவரும் சேர்ந்து கில்டின் பயிற்சிக் குறிப்புகளைப் புத்தகமாக்கிவிட்டார்கள்.

அந்தப் பயிற்சிதான் உங்களுக்கு வேண்டியது. புதிதாக வருபவர் எல்லாவற்றையும் பேச முடியாது. ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். வகுப்புக்கு வந்து அதைப் படிக்க வேண்டும். சக உறுப்பினர்கள் முன் பேச வேண்டும். அவர்கள் பூங்காக் கூட்டம்போலவே குறுக்கே கேட்பார்கள், கேலி செய்வார்கள், வேண்டுமென்றே திசை திருப்புவார்கள். கடைசியில் மறைமாவட்டம் அமர்த்திய குருக்கள் முன் தேர்வு. தேறினால் அந்த ஒரு தலைப்புக்கு மட்டும் அனுமதி. தலைப்புக்கு வெளியே கேள்வி வந்தால் தானே பதில் சொல்லாமல், பொதுக் கேள்விகளுக்கு அனுமதி பெற்ற மூத்தவரிடம் விட்டுவிட வேண்டும். கட்டுப்பாடு அதிகம்போலத் தோன்றும். ஆனால் பத்தொன்பது வயதுப் பையனைக் கூட்டத்தின் நடுவே பயமில்லாமல் நிறுத்தியது இந்தக் கட்டுப்பாடுதான். அவன் அறிய வேண்டியது ஒரே ஒரு பொருள், அதை அடிவரை அறிந்திருந்தான்.

மேடைக்கும் விதிகள் உண்டு. மற்றவர் சமயத்தைத் தாக்கக் கூடாது. கேள்வி கேட்டவரைக் கூட்டத்தின் சிரிப்புக்கு ஆளாக்கக் கூடாது. தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தேடி அடுத்த முறை பதிலோடு வர வேண்டும். மேடையில் பாடுபட்ட சிலுவை இருக்கும். பேசுவோருக்காக நற்கருணை முன் செபிப்பதும் கில்டு வேலையின் பாதியாகவே எண்ணப்பட்டது.

ஆண்டுகள் போகப் போக இன்னொன்றையும் கற்றார்கள். ஆரம்பத்தில் நிரூபிப்பதிலேயே குறியாக இருந்தார்கள். வாதத்தில் வென்றால் எதிராளி தோற்றதாக உணர்ந்து விலகிப் போனார், நெருங்கி வரவில்லை. ஆகவே திருச்சபை போதிப்பது என்ன என்பதைத் தெளிவாக விளக்குவதற்கு முதலிடம் தந்தார்கள். தந்தை, மகன், தூய ஆவி என்று மூன்று ஆட்களாக இருக்கும் ஒரே கடவுளை, அதாவது மூவொரு கடவுளை, ஷீடு விளக்கும் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'என்ன?' என்ற கேள்விக்குப் பதில் இயல்பு, 'யார்?' என்ற கேள்விக்குப் பதில் ஆள். கடவுளிடம் 'என்ன?' என்று கேட்டால் ஒரே பதில், 'யார்?' என்று கேட்டால் மூன்று பதில். தமிழில் இது இன்னும் எளிதாக வருகிறது, ஏனென்றால் அஃறிணைக்கும் உயர்திணைக்கும் வினாச்சொல்லே வேறு என்பது நம் நாக்கில் ஊறியது.

1960-களுக்குப் பிறகு கில்டு சுருங்கியது. தெருப் பேச்சைக் கேட்கக் கூடும் கூட்டம் குறைந்தது, ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்துக்குப் பின் பலர் வேறு பணிகளுக்குப் போனார்கள். ஷீடு 1981-இல் இறந்தார்.

டோஸ்ட்மாஸ்டர்ஸைப் பற்றிச் சுருக்கமாக. ரால்ஃப் ஸ்மெட்லி 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தொடங்கியது. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: நேரக் கணக்கு, மதிப்பீடு. 5-ஆம் நிமிடம் பச்சை அட்டை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு. நம் ஊர் மேடைகளில் நேரக் கட்டுப்பாடு எவ்வளவு அரிது என்பது உங்களுக்கே தெரியும்.

நம் மண்ணிலும் இதற்கு வேர் இருக்கிறது. குரு எப்போதோ ஒருமுறை வந்துபோன காலத்தில் கிராமங்களில் செபம் சொல்லி, மறையுரை வாசித்து, பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் கற்பித்தவர் உபதேசியார். கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் பெரியவர்களைக் கேட்டால் உபதேசியார்களைப் பற்றிச் சொல்வார்கள். கேட்டு எழுதி வையுங்கள், அதுவே உங்கள் மன்றத்தின் முதல் ஆவணமாகட்டும். கிறிஸ்தவப் பிரசங்க முறை நம் மொழியின் பொதுப் பேச்சையே மாற்றியிருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்டு மிஷனரி பீட்டர் பெர்சிவலிடம் பணியாற்றிய ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். பேச்சுக்கலை சமயங்களுக்கிடையே கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இனி உங்கள் மன்றம். 12 பேர் சரியான எண்ணிக்கை. வாரம் ஒரு நாள் 90 நிமிடம் ஒதுக்குங்கள். செபம் 5 நிமிடம், பாடம் 20 நிமிடம். பிறகு மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் பேச 7 நிமிடம், கேள்விக்கு 10 நிமிடம்: மொத்தம் 51. மதிப்பீட்டுக்கு 10 நிமிடம், அடுத்த வார ஏற்பாட்டுக்கு 4. வாரம் மூவர் என்றால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் முறை வரும். 12 வாரத்தில் ஒருவர் மூன்று முறை பேசுவார், மூன்று முறையும் ஒரே தலைப்பு. "அதையேவா மறுபடியும்?" என்று முணுமுணுப்பு எழும். விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் முறை மனப்பாடம் வரும், இரண்டாம் முறை தடுமாற்றம் வரும், மூன்றாம் முறைதான் பொருள் தன்னுடையதாகி வரும். 13-ஆம் வாரம் பங்குத்தந்தை முன் தேர்வு.

பேச்சைவிடக் கேள்விக்கு அதிக நேரம் வைத்திருப்பதைக் கவனியுங்கள். கேள்வி கேட்க மூன்று பேருக்கு வேடம் கொடுங்கள்: ஒருவர் பெந்தெகொஸ்தே சகோதரர், ஒருவர் சமயமே வேண்டாம் என்பவர், ஒருவர் பக்கத்து வீட்டு இந்து நண்பர். மூவரும் அந்தந்தத் தரப்பின் நியாயத்தை உண்மையாகப் படித்துவிட்டு வர வேண்டும். இங்கேதான் பெரும்பாலான மன்றங்கள் கெட்டுப்போகின்றன. நண்பன் என்பதால் லேசான கேள்வி கேட்பார்கள், பேசியவரும் வென்றதாக நினைப்பார். வெளியே போனதும் முதல் உண்மையான கேள்வியில் வாயடைத்து நிற்பார்.

ஒரு தலைப்பை எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம். இங்கே அதிகம் வரும் கேள்வி: "மாதாவ கும்புடறீங்களே, மாதா சாமியா? சிலை கூடாதுன்னு பைபிள்லயே இருக்குதே?" இதற்கு முதலில் ஒரே வாக்கியத்தில் பதில் வேண்டும்: ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதர்களுக்கு வணக்கம், மரியாவுக்கு அவர்களினும் மேலான வணக்கம், ஆனால் அதுவும் ஆராதனை அல்ல. அடுத்து சான்று. விடுதலைப் பயணம் 20:4 உருவம் செய்வதைத் தடுக்கிறது. அதே நூலின் 25:18 பொன் கெருபுகளை, அதாவது வானதூதர் உருவங்களை, செய்யச் சொல்கிறது. எண்ணிக்கை 21:8 பாம்பின் உருவத்தைச் செய்யச் சொல்கிறது, அடுத்த வசனத்தில் மோசே அதை வெண்கலத்தில் செய்கிறார். ஆகவே தடை உருவத்துக்கு அல்ல, உருவத்தைக் கடவுளாக்குவதற்கு. 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே சேர்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. இவ்வளவு 7 நிமிடத்துக்குப் போதும்.

இப்போது எதிர்க்கேள்விகள். விவரம் தெரிந்தவர் 2 அரசர்கள் 18:4-ஐ எடுப்பார்: அந்த வெண்கலப் பாம்புக்கே மக்கள் தூபம் காட்டியதால் அரசர் எசேக்கியா அதை உடைத்துப் போட்டாரே என்பார். ஆமாம், உடைத்தது சரி, வணக்கம் ஆராதனையானால் நாங்களும் தவறு என்றே சொல்வோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மழுப்பினால் அங்கேயே நம்பிக்கை போய்விடும். இன்னொருவர், "ரெண்டாவது கட்டளைய நீங்க மறைச்சுட்டீங்க" என்பார். மறைக்கவில்லை. பத்துக் கட்டளைகளை எண்ணும் முறை வேறு. புனித அகுஸ்தினார் வழியில் நாம் அதை முதல் கட்டளையோடு சேர்த்து எண்ணி, கடைசிக் கட்டளையை இரண்டாகப் பிரிக்கிறோம். விவிலியத்தில் வசனம் அப்படியே இருக்கிறது, திறந்து காட்டுங்கள்.

காட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் கையில் இருப்பது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. எதிரே இருப்பவர் கையில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பு. நமக்கு விடுதலைப் பயணம், அவருக்கு யாத்திராகமம். நமக்கு எண்ணிக்கை, அவருக்கு எண்ணாகமம். நமக்கு அரசர்கள், அவருக்கு இராஜாக்கள். இந்தப் பெயர்களை மாற்றிச் சொல்லத் தெரியாமல் ஐந்து நிமிடம் வீணாவது வழக்கம். இரண்டு பதிப்புகளையும் மன்றத்தில் வாங்கி வையுங்கள். நம்முடையதில் 73 நூல்கள், அவர்களுடையதில் 66, வேறுபடும் ஏழும் பழைய ஏற்பாட்டில் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. இவற்றோடு கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் மன்றத்தில் இருக்கட்டும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'அருள்சாதனம்', 'திருவழிபாடு', 'மீட்புத் திட்டம்' எல்லாம் கோயிலுக்குள் புரியும். பக்கத்து வீட்டு நண்பருக்குப் புரியாது. நம் பாட்டிமாருக்கேகூட 'ஒப்புரவு' என்பதைவிடப் 'பாவசங்கீர்த்தனம்'தான் தெரியும், 'திருப்பலி' என்பதைவிடப் 'பூசை'தான் வாயில் வரும். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும், வெளியாள் வேடத்தில் இருப்பவர் தமக்குப் புரியாத சொற்களைப் பட்டியலாகப் படிக்கட்டும். அடுத்த முறை அந்தச் சொல் வந்தால் கூடவே விளக்கமும் வர வேண்டும். ஓசூர்ப் பக்கத்துப் பங்குகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் இருப்பார்கள். அவர்கள் முன் அடுக்குமொழித் தமிழ் எடுபடாது, சின்ன வாக்கியங்களே போய்ச் சேரும்.

குரல் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, அரசியல் மேடைக் கணீரைப் பிடித்துக்கொள்வது. அந்தக் குரலில் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. பேசும்போது ஒரு ஆள், பதில் சொல்லும்போது இன்னொரு ஆள் என்று ஆகிவிடும். "மேடையில் வீற்றிருக்கும்" என்று தொடங்கும் வரிசை வணக்கத்தை மன்றத்தில் முழுவதும் தடை செய்யுங்கள், 7 நிமிடத்தில் ஒன்றரை நிமிடத்தை அது விழுங்கிவிடும். ழகரம் யகரமாக மாறுவது வட மாவட்டப் பேச்சில் உண்டு. அதற்காக யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. தினமும் பத்து வரி உரக்கப் படித்தால் சில வாரங்களில் சரியாகும். ஒலிவாங்கி வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி இருக்கட்டும். முழுப் பேச்சையும் எழுதி வாசிப்பதற்குப் பதில், உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து வரிக் குறிப்பு போதும்.

மதிப்பிடுபவர் ஒருவருக்கு ஒரே ஒரு குறையைத்தான் சொல்ல வேண்டும். பத்துக் குறை சொன்னால் எதுவும் மாறாது. பேசும் வாய்ப்பிலும் தேர்விலும் பெண்கள் சரிபாதி இருக்க வேண்டும். சிப்காட் ஆலைகளில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் இருந்தால், ஷிஃப்ட் மாறும் வாரத்தைப் பார்த்து முறையை அமைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் தேர்வு எழுதும் மாணவர்களை வற்புறுத்தாதீர்கள், ஜூனில் தொடங்குவதே நல்லது.

ஒரு கேள்வி நிச்சயமாக வரும்: "கிறிஸ்தவத்துல சாதி இல்லன்னு சொல்றீங்க, அப்புறம் சில ஊர்ல கல்லறையே தனித்தனியா இருக்குதே?" இதற்குத் தற்காப்பு வாதம் தயாரிக்காதீர்கள். அது பாவம், திருச்சபையின் போதனைக்கு எதிரானது, இன்னும் முழுதாக ஒழியவில்லை என்று நேராகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, உங்கள் மன்றத்திலேயே யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஓசானாமுக்கு வந்த கேள்வியும் இந்த வகைதான்.

ஹைடு பார்க் வழக்கத்தைச் சந்தைத் திடலில் அப்படியே நடத்த முயல வேண்டாம். இங்கே பொது இடக் கூட்டத்துக்குக் காவல்துறை அனுமதி வேண்டும். ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி வேண்டும், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தக் கூடாது. பங்கு மண்டபத்தில் நாற்காலி போட்டு, பிற சமய நண்பர்களை அழைத்து, அவர்கள் கேள்வி கேட்க, நீங்கள் பதில் சொல்ல உட்காருவதே பொருத்தம். திருச்சபைச் சட்டத்தையும் அறிந்திருங்கள்: 1983 சட்டத் தொகுப்பின் 767-ஆம் எண்படி திருப்பலி மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே உரியது. 766-ஆம் எண்படி, சில சூழல்களில், ஆயர் பேரவையின் நெறிகளுக்கு உட்பட்டு, பொதுநிலையினர் கோயிலில் போதிக்கலாம். அதனால் தேர்வில் தேறியவரைத் திருப்பலி மறையுரைக்கு அனுப்பாமல் அன்பியக் கூட்டத்துக்கும் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு), தவக்கால மாலை வகுப்புக்கும், மறைக்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கும் அனுப்புங்கள்.

செலவு பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வண்ண அட்டை, நேரம் பார்க்க ஒரு கைப்பேசி, சில புத்தகங்கள், ஒரு நீளமான நோட்டு. அந்த நோட்டில் பதில் சொல்ல முடியாமல் போன ஒவ்வொரு கேள்வியையும், கேட்டவர் சொன்ன சொற்களிலேயே, தேதியோடு எழுதுங்கள். அடுத்த வாரம் பாடத்தைத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தை எடுத்து, கேள்வியைத் தேடிப் படிக்க ஒப்புக்கொண்டவர் எழுந்து பதில் சொல்லட்டும். கேட்டவர் வெளியாளாக இருந்தால் அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.